வாப்பாவின் றேசர்



இலங்கையில் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை. 200 ரூபாயில் நின்ற டொலர் 360ஐத் தொட்ட காலம். அப்போது ஒருநாள் கல்முனை பஸாரில், வழக்கமாக வாங்கும் ஐந்து பிளேட் வைத்த றேசர் தலையைக் கேட்டேன். கடைக்காரத் தம்பி எடுத்துத் தந்துவிட்டு, "பழைய விலையக் கேக்காதீங்க காக்கா" என்றார். புது விலையைக் கேட்டேன். அதையும் கேட்டிருக்கக் கூடாது.

கையில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அது எங்கள் உம்மாவின் வீடு. நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குப் போனது. நான் மனைவி வீட்டுக்கு வந்தவன். வாப்பாவும் அப்படித்தான் வந்தவர். அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அதிகம் இல்லை. அலுமாரியின் மேல்தட்டில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் றேசர், மயிர் உதிர்ந்த பிரஷ், ஒரு துண்டு படிகாரம். "நீ கேப்பாய் எண்டுதான் வச்சிருந்தன்" என்று ராத்தா தந்தார்.

கைப்பிடி, அடித்தகடு, மேல்தகடு என மூன்றே துண்டு. மேற்பூச்சு தேய்ந்த இடங்களில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, புது பிளேட் ஒன்றை இடையில் வைத்துத் திருகினேன். சரியாகப் பொருந்தியது. வாப்பா வாங்கிய றேசருக்கும் நேற்று வாங்கிய பிளேட்டுக்கும் நடுவே எத்தனையோ வருடம்!

இந்தப் பொருத்தத்தில்தான் சிக்கனத்தின் இரகசியமே இருக்கிறது. கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், மழுங்கினால் மாற்றிவிடலாம் என்று அமெரிக்காவின் கிங் காம்ப் ஜில்லெட் இந்த றேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1903இல். முதல் வருடம் விற்றது 51 றேசர், 168 பிளேட். அடுத்த வருடம் விற்ற றேசர்கள் 90,000ஐத் தாண்டின. அந்த றேசருக்கான காப்புரிமை காலாவதியாகி எவ்வளவோ காலமாகிவிட்டது. அதனால் இந்த பிளேட்டுக்கு இன்று தனி முதலாளி கிடையாது. எந்த நாட்டில் செய்தாலும் ஒரே அளவு, இந்த வகை றேசர் எதிலும் பொருந்தும். 1971இல் இரட்டை பிளேட் தலை வந்தது; 2006இல் அது ஐந்தானது. அவையெல்லாம் அந்தந்தக் கம்பனியின் பிடிக்கு மட்டுமே பொருந்துபவை. பிடியை மலிவாகத் தந்துவிட்டுத் தலையில் காசை எடுத்துக்கொள்கிறார்கள். வாப்பாவின் றேசருக்கான ஒரு பிளேட்டுக்கு, ஒரு பிளேன்டீக்கும் வடைக்கும் கொடுக்கிற காசு போதும். எனக்கு அது நாலைந்து தடவைக்கு வருகிறது.

பொருள் கிடைத்துவிட்டது, வித்தை தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன் அவசர அவசரமாக, பழைய பழக்கத்தில் அழுத்தி இழுத்தேன். தாடையில் இரண்டு இடம், தொண்டையில் ஒரு இடம் வெட்டு. கைக்கு அகப்பட்ட காகித ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொண்டு காரியாலயம் வந்தால், அச்சுக் கோக்கும் தம்பி என் முகத்தையே பார்க்கிறார். ஒட்டியிருந்தது இந்த இதழின் புரூஃப். "சேர், திருத்தம் எல்லாம் உங்கட முகத்துலதான் இருக்கு."

அடுத்த நாள் சாய்ந்தமருதில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் ஒரு பிளேட்டைக் காகித உறையோடு இரண்டாக முறித்து, பாதியைக் கத்தியில் செருகினார். ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பாதி. என் தாடையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அமத்தாதீங்க காக்கா. றேசருக்குக் கனம் இருக்கு. அது தன்ட பாட்டுல போகும்."

அந்த அரை மணி நேரத்தில் எனக்கு முழுப் பாடமும் எடுத்தார். முதலில் முகத்தைச் சுடுதண்ணீரால் நன்றாக நனைத்து, இரண்டு நிமிடமாவது ஊறவிட வேண்டும். ஊறிய மயிர்தான் இலேசாக அறும். பிறகு விரலால் தடவி, மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கிப் போகும். தொண்டையில் சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குக் குறுக்காக. எனக்கு இடது தொண்டையில் ஒரு சுழியே இருப்பதை ஐம்பது வயது தாண்டித்தான் அறிந்தேன். மேல்தகட்டைக் கன்னத்தில் படுக்க வைத்து, பிளேட் தோலைத் தொடும் வரை பிடியை மெல்லக் கீழே இறக்கினால் அதுவே சரியான சரிவு, ஏறக்குறைய 30 பாகை. பிறகு சின்னச் சின்ன இழுப்பு, மயிரின் போக்கில் மட்டும். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒரு தடவை. எதிர்ப்போக்கில் இழுப்பதைப் பழகும் காலத்தில் நினைக்கவே கூடாது. முடிந்ததும் பச்சைத்தண்ணீர், ஈரத்தோடு படிகாரம். எங்கெல்லாம் அழுத்தினோம் என்பதைப் படிகாரம் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊர்களில் பாதிப் பேர் தாடி வைத்தவர்கள். அவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கன்னக் கரையும் தொண்டைக் கரையும் எடுக்க இதைவிட வாகான ஆயுதம் இல்லை. கரை தெரிய வேண்டுமென்றால் நுரையை அந்த இடத்தில் மெல்லிசாகப் பூசினால் போதும்.

நுரை என்றதும் நம் தண்ணீரைச் சொல்லாமல் முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் புகுந்த கிணறுகளின் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வழுவழுத்துத் திரிந்ததை மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை பலரும் அனுபவித்திருப்பீர்கள். இன்றும் சில கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதல். நுரை எழும்பாவிட்டால் சவர்க்காரத்தைக் குறை சொல்லாமல், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிவை மட்டும் எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். உப்பு மட்டும் போகாது. விலை கூடிய கிரீம் தேவையில்லை. ஈரப் பிரஷைச் சவர்க்காரத்தில் பொறுமையாகச் சுழற்றினாலே தயிர் மாதிரி நுரை வரும். கடற்காற்று இன்னொரு எதிரி. வழித்து முடிந்ததும் றேசரைக் கழற்றி உதறிக் காய வைக்காவிட்டால், மழுங்கும் முன்பே துரு பிடித்துவிடும்.

பழைய பிளேட்டைக் குப்பைக்குள் போடாதீர்கள். அமெரிக்காவில் ஒருகாலத்தில் குளியலறைச் சுவரிலேயே ஒரு கீறல் துவாரம் வைத்து, பிளேட்டுகளைச் சுவருக்குள்ளேயே விழ விடுவார்களாம். பிறகு வீட்டை இடிக்கிறவன் பாடு! நமக்கு ஒரு வெறும் டின்பால் டின் போதும். மேலே ஒரு கீறல் போட்டால் வருடக்கணக்கில் நிறையாது. குப்பை அள்ளுகிறவர்களின் கையும் தப்பும்.

பிளேட் எனக்குப் புதிதல்ல. கணினி வருவதற்கு முன், இதழின் பக்கங்களை ஒட்டித் தயாரித்த நாட்களில் என் மேசை இழுப்பறையில் எப்போதும் அரை பிளேட் ஒன்று கிடக்கும். தப்பு எழுத்தைச் சுரண்ட, நீண்ட பத்தியின் வாலை வெட்ட. அங்கேயும் அழுத்தினால் தாள் கிழியும். உங்கள் எழுத்துகளைத் திருத்தும்போது சில தடவை நான் அமத்தி இழுத்திருக்கிறேன். கடிதத்தில் கோபப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். இப்போது முதல் வாசிப்பில் எழுத்தின் போக்கிலேயே போகிறேன்.

அடுத்த மாதம் என் மகனுக்குக் கலியாணம். அவனும் தன் வாப்பாவையும் வாப்பாவின் வாப்பாவையும் போல இன்னொரு வீட்டுக்குப் போகிறான். தகரப் பெட்டிக்குப் புதுப் பிரஷும் படிகாரமும் வாங்கி வைத்துவிட்டேன். "இதையா?" என்று கேட்டான். கையில் வாங்கியதும் ஒருதரம் தூக்கிப் பார்த்தான். "கனமா இருக்கே வாப்பா" என்றான்.

அன்புடன்,
ஆசிரியர்