5 மணிக்கு எழுந்தா போதுமா? சிவகாசி வட்டாரத்தில் 40 வயசுக்கு மேல ஓடுறது எப்படி?

போன மாசம் ஒரு ரீல்ஸ் பார்த்தேன். “காலையில 5 மணிக்கு எழுந்து ஓடுங்க, லைஃபே மாறிடும்” என்று ஒருவர் மெரினா கடற்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல விஷயம்தானே என்று சிவகாசி பக்கம் இருக்கும் என் சித்திக்கு ஃபார்வர்டு பண்ணினேன். வயசு 44. பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர் (ஆலையை எங்க ஊர்ல ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம்). சுகர் ‘பார்டர்ல இருக்கு’ என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது.

பத்து நிமிஷத்தில் வாய்ஸ் நோட் வந்தது. “அஞ்சு மணியா? நான் நாலரைக்கே எந்திரிச்சிட்டேன்யா. அஞ்சு மணிக்கு உலை கொதிக்குது. ஏழு மணிக்கு வேன் வந்துரும். நடுவுல எங்குட்டு ஓட?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை. முன்கூட்டியே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நடுத்தர வயதில் ஓடுவதற்கு நம்ம ஊரில் தடையாக இருப்பது சோம்பேறித்தனம் அல்ல. நேரமும் இடமும்தான்.

இதை ஏன் இப்போ பேசணும்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் சுமார் 13.6 கோடிப் பேர், சித்தி மாதிரி, பார்டரில் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். உணவும் உடற்பயிற்சியும் சரியாக அமைந்தால், அவர்களில் பலருக்கு நோய் வருவதைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பது ரொம்ப அதிகமில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை மாதிரியான மிதமான பயிற்சி. அல்லது 75 முதல் 150 நிமிடம் ஓட்டம் மாதிரியான கடும் பயிற்சி. கூடவே வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. அதைக்கூட எட்டாதவர்கள் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் என்கிறது 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த 15 புள்ளி வித்தியாசத்துக்குக் காரணம் சித்தியின் வாய்ஸ் நோட்டிலேயே இருக்கிறது.

“நாள் முழுக்க உழைக்கிறாங்களே, அதுவே எக்சர்சைஸ்தானே?”

இதை நானும் நம்பியிருந்தேன். ஆனால் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று இந்த வட்டாரத்தின் பல வேலைகள் உட்கார்ந்தோ, ஒரே இடத்தில் நின்றோ, கையை மட்டும் வேகமாக அசைத்தோ செய்கிறவை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்து நடக்கவும் மனசு வராது. உடம்பு அலுத்துப்போகும்; ஆனால் இதயமும் நுரையீரலும் வேகமெடுக்காது. சாயங்காலம் முதுகு வலிக்கும், சுகர் குறையாது. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

50-க்கு மேல ஓட ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. தூரத்தில் போய் உதாரணம் தேட வேண்டாம். சென்னை மேயராக இருந்து, 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சரான மா.சுப்பிரமணியன், சர்க்கரை நோயும் விபத்தில் அடிபட்ட முழங்காலும் உள்ளவர். அதை அவரே பலமுறை பேசியிருக்கிறார். 50 வயதைத் தாண்டிய பிறகுதான் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். 21.1 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானை 100 தடவைக்கு மேல் ஓடி முடித்திருக்கிறார்.

இன்னொருவர் பஞ்சாபில் பிறந்து லண்டனில் ஓடிய ஃபௌஜா சிங். 2000-ல் லண்டன் மாரத்தானில் ஓடியபோது அவருக்கு 89 வயது என்று சொல்லப்பட்டது. 2011-ல் 100 வயதில் டொரண்டோ மாரத்தானை முடித்தார். ஆனால், 2025 ஜூலை 14 அன்று, தன் சொந்த ஊரில் சாலையில் வாகனம் மோதி இறந்தார். அத்தனை வயதிலும் அவரைச் சாய்த்தது உடம்பு அல்ல, சாலை. நம்ம ஊருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

இந்த ஊர்க் காலை யாருடையது?

விருதுநகர் கரிசல் மண். வெயில் சீக்கிரம் ஏறும். மே மாதக் கடைசியில் சூரியன் 6 மணியை ஒட்டி உதிக்கிறது; ஜனவரியில் 6.40 ஆகிவிடும். கோடையில் 7.30-க்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆக, வெளிச்சமும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைப்பது ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒன்றரை.

அதே ஒரு மணி நேரத்தில்தான் ஆலை வேன்களும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. ஊர் ரோட்டில் நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலை பார்க்க அழகாக, நேராக இருக்கும். ஓடுவதற்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. இருட்டில் போனால் நாய்த் தொல்லை. ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. ஆனால் காலையில் துரத்துவது தெருநாய்தான்!

ஆண்கள் இதையெல்லாம் சமாளித்து ஓடிவிடலாம். விடியும் முன் தனியாக ஓடும் 44 வயசுப் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும்? “இந்த வயசுல இது எதுக்கு?” என்ற ஒரு வார்த்தை போதும், மறுநாள் ஷூ பரணுக்குப் போய்விடும்.

சரி, எப்படித் தொடங்கலாம்?

இருக்கிற நிலைமைக்குள் செய்யக்கூடியவை இவை.

1. முதலில் டெஸ்ட். 40 தாண்டியவர்கள் பி.பி., சுகர் பார்த்துவிட்டு ஆரம்பிக்கவும். நெஞ்சுவலி, படபடப்பு, குடும்பத்தில் இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஓட வேண்டாம். பட்டாசு ஆலையில் பல வருஷம் அலுமினியப் பொடி, கந்தகம் புழங்கும் இடத்தில் இருந்தவர்கள், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் நுரையீரலையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

2. ஓடாதீர்கள், நடந்து ஓடுங்கள். பிரிட்டனின் என்.எச்.எஸ் பரிந்துரைக்கும் ‘கவுச் டு 5கே’ திட்டத்தில் முதல் வாரம் இவ்வளவுதான்: 5 நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி மெதுஓட்டம் - 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்றே நாள். 9 வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் அளவுக்குக் கொண்டுவருகிறது. 9 வாரம் 15 வாரம் ஆனாலும் தப்பில்லை. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம், குறையுங்கள்.

3. 15 நிமிடம் தசைக்கு. 40-க்கு மேல் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் தொடையும் இடுப்பும் பலமில்லாததும் ஒரு காரணம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது. வாரம் இரண்டு நாள். இதற்கு ஜிம் வேண்டாம், வீட்டு வாசல் போதும்.

4. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்கவும். சில மருந்துகளால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால் நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்.

5. ரோட்டில் ஓடியே ஆகவேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை. காதில் இயர்போன் கூடாது. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள்.

6. காலைதான் என்று இல்லை. வேலை முடிந்து வந்து, வெயில் தாழ்ந்த பிறகு 20 நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். ‘காலை 5 மணி’ என்பது உடம்பு போட்ட சட்டம் இல்லை, ரீல்ஸ் போட்ட சட்டம்.

எந்த மாசம் ஆரம்பிக்கலாம்?

ஊருக்கெல்லாம் ஜனவரி 1. நம்ம ஊருக்கு தீபாவளிக்கு அடுத்த வாரம். சீசன் முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வெயிலும் குறைவு, வேன் ஓட்டமும் குறைவு. மழை விட்ட நாட்களில் வெளியே, பெய்கிற நாட்களில் வீட்டுக்குள் தசைப்பயிற்சி. மார்ச்சில் வெயில் ஏறும்போது உடம்பு பழகியிருக்கும்.

ஒன்றே ஒன்று: தீபாவளி அன்று காலை 6 முதல் 7 வரை வெடி வெடிக்க நேரம் ஒதுக்குவது தமிழ்நாட்டில் சில வருஷமாக நடைமுறை. அன்று ஓட்டத்துக்கு லீவு!

மற்றதை யார் செய்யணும்?

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல யோசனை, பாராட்டலாம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. விருதுநகரில் இருக்கும் பாதைக்கு சிவகாசிக்காரர் 25 கிலோமீட்டர் பயணம் செய்து போய் நடக்க முடியுமா? சாத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டை எல்லாம் என்ன செய்யும்?

புதுசாக எதுவும் கட்ட வேண்டாம் என்பதுதான் என் வாதம். ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. காலை 5 முதல் 7 வரையும், மாலை 6 முதல் 8 வரையும் கேட்டைத் திறந்துவிடுங்கள். நாலு விளக்கு, பூட்டாத ஒரு கழிப்பறை, ஒரு காவலாளி. இவ்வளவு இருந்தால் ஒரு பெண் தனியாக வருவார். அடுத்த வாரம் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். நாலு பேர் வந்தால் “இந்த வயசுல இது எதுக்கு?” என்று கேட்க ஆள் இருக்காது.

“பள்ளிச் சொத்து பாழாயிடும், பாதுகாப்பு யார் பொறுப்பு?” என்ற தயக்கம் நியாயமானதுதான். அதற்குத்தான் காவலாளி. ஊராட்சியோ மாநகராட்சியோ அந்தச் சம்பளத்தை ஏற்கலாம். ஆலைகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: வேலைக்கு நடுவே, கூலி பிடிக்காமல் பத்து நிமிஷம் எழுந்து நடக்க விடலாம்.

இன்னும் ஒரு பகுதி நம்முடையது. சென்னையிலும் பெங்களூருவிலும் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, அம்மா அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்புகிறோம். வாட்ச் எத்தனை அடி நடந்தார்கள் என்று எண்ணும்; நடக்க நேரம் தராது. ஊருக்குப் போகும் வாரமாவது காலை அடுப்பை நாம் பார்த்துக்கொண்டு, அவர்களை வெளியே அனுப்பலாம். நிரந்தரமாக அது வீட்டில் இருக்கும் ஆண்களின் வேலை.

போன ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உலையை நானும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டோம். சாதம் கொஞ்சம் குழைந்துவிட்டது. சித்தி பக்கத்து வீட்டு அக்காவுடன் ஊருணிக் கரையை மூன்று சுற்று சுற்றிவிட்டு, முகமெல்லாம் வியர்வையோடு வந்தார்.

“எப்படி இருந்துச்சு சித்தி?”

“நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கு யாரு உலை வைப்பா?”