லிலியந்தாலின் குன்று

ஆகாய விமானத்தின் சரித்திரத்தை 1903-ஆம் ஆண்டு டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்த தினத்திலிருந்தே தொடங்கி, அவர்களுக்கு முன்பு பிராணனைப் பணயம் வைத்தவர்களைச் சித்தப்பிரமை கொண்டோர்போல ஒரு வரியில் ஒதுக்கிவிடும் வழக்கத்தைப் பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஜெர்மானியப் பொறியாளரான ஓட்டோ லிலியந்தால், இளம்பிராயத்திலேயே நாரைகளின் பறத்தலில் மனத்தைப் பறிகொடுத்து, தம் சகோதரர் குஸ்தாவின் துணையோடு, வளைந்த பரப்பைக் காற்று எவ்வளவு விசையுடன் தூக்குகிறது என்பதைப் பல்லாண்டுகள் பொறுமையாக அளந்து, அம்முடிவுகளை 1889-இல் நூலாக வெளியிட்ட பிறகே, தாம் செய்த சிறகுகளைப் பூண்டு மேட்டிலிருந்து காற்றில் இறங்கலானார். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டில் இதற்கென்றே சுமார் 15 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்றையும் எழுப்பினார். மரக்கழிகளில் துணி போர்த்திய அச்சாதனத்தில் தொங்கியபடி, கால்களை வீசி உடலின் பாரத்தை இடம் மாற்றுவதொன்றே அதைச் செலுத்தும் உபாயம். அதைக் கொண்டே ஏறத்தாழ 2000 முறை மிதந்து, சிற்சில வேளைகளில் 250 மீட்டர் தூரம்வரை சென்ற ஒருவரை மூர்க்கத் துணிச்சற்காரர் என்பது எவ்விதத்தில் நியாயம்? அவருடைய தைரியம் கணக்கறிந்த தைரியம்.

1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ரினோ குன்றுகளில், காற்றின் குமுறலில் சாதனம் நிலைகுலைந்து விழ, முதுகெலும்பு முறிந்து, மறுநாள் உயிர்நீத்தார். அச்செய்தியே ரைட் சகோதரர்களின் சிந்தனையை இத்துறைக்குத் திருப்பிற்று. அவர்கள் தங்கள் விமானத்தில் ஏற்ற இறக்கத்தை ஆளும் சிறுசிறகை முன்புறத்தில் அமைத்ததற்கு, லிலியந்தாலைப்போல் தலைகீழாய் வீழ்ந்துவிடலாகாதே என்ற அச்சமும் ஒரு காரணம்.