உடலும் ஓர் இசைக்கருவி

"இயந்திரம் வந்தபின் மனிதன் உடம்பை அசைப்பதே இல்லை" என்று பெரியோர் அடிக்கடி கூறக் கேட்கிறோம். அதில் பாதி உண்மை. கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விரலை மட்டும் அசைத்தபடி மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கும் நம்மை நாம் அறிவோம். ஆயினும் மறுபாதியும் ஒன்று உண்டு. மனிதனின் கையசைவையும் மூச்சையும் இதயத் துடிப்பையும் கேட்டு வாங்கிக் கலையாக்கும் கருவிகளும் உலகில் இருக்கின்றன. அவற்றைக் குறித்து நம் பள்ளி மலரில் எழுத ஆசைப்பட்டோம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, பின்னர் சொல்கிறோம்.

1920-ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி லெவ் தெரமின் விந்தையான வாத்தியம் ஒன்றை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது 'தெரமின்' என வழங்குகிறது. அதைத் தொடாமலேயே வாசிக்க வேண்டும்! பெட்டியின் ஒரு புறம் நிமிர்ந்த கம்பி, மறுபுறம் வளையமான கம்பி. நிமிர்ந்த கம்பியருகே வலக்கையைக் கொண்டு சென்றால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். வளையத்தின் மேல் இடக்கையைத் தாழ்த்தினால் ஒலி அடங்கும். நம் உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாதலால், கையும் கம்பியும் சேர்ந்து ஒரு மின்தேக்கிபோல் ஆகின்றன. கை நகர நகர உள்ளே எழும் மின் அலைவுகள் மாறுகின்றன. அந்த மாற்றமே இசையாக வெளிவருகிறது.

தொடாமல் வாசிப்பது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். 1929-இல் அமெரிக்காவில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள், எவரும் வாசிக்கலாம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்களுக்கல்லவா தெரியும் சங்கதி! வீணையில் மெட்டு உண்டு, ஹார்மோனியத்தில் கட்டை உண்டு. காற்றில் என்ன அடையாளம்? தோள் சற்று அசைந்தாலும் சுருதி பிசகிவிடும். (பாடகர் குழுவில் "ஆடாமல் நில்லுங்கள்" என்று எங்களைக் கடிந்துகொள்ளும் சிஸ்டர் இதைப் படித்தால் மகிழ்வார்.)

இந்தக் கருவியை வசப்படுத்தியவர் கிளாரா ராக்மோர் என்ற பெண்மணி. சிறுவயதிலேயே வயலினில் பெயர் பெற்றவர். கையில் ஏற்பட்ட உபாதையால் வயலினைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் தெரமினைக் கற்றார். காற்றிலேயே விரல்களை மடக்கியும் நீட்டியும் சுரங்களைப் பிடிக்கும் முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். இருந்த கருவி போதாதென்று கண்டு, தெரமினிடமே சொல்லி இன்னும் திருத்தமான ஒன்றைச் செய்வித்தார். இவரை நினைக்கும்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

கனடா நாட்டு ஓவியர் ஷார் டேவிஸ் 1995-இல் 'ஆஸ்மோஸ்' என்ற படைப்பை அமைத்தார். தலையில் காட்சிக் கவசமும் மார்பில் மூச்சை அளக்கும் கச்சையும் அணிந்துகொண்டால், மரங்களும் குளமும் உள்ள ஒரு கற்பனை உலகம் கண்முன் விரியும். மூச்சை இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் கீழே இறங்கலாம். கடலில் மூழ்கி நீந்திய அனுபவத்திலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாம்.

மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006-இல் அமைத்த 'பல்ஸ் ரூம்' வேறு வகை. அறை முழுவதும் மின்விளக்குகள். ஒருவர் பிடியைப் பற்றிக்கொண்டால் முதல் விளக்கு அவருடைய நாடித்துடிப்பிற்கேற்ப மினுங்கும். அவர் கையை எடுத்ததும் அத்துடிப்பு அடுத்த விளக்கிற்கு நகரும். பின்னால் வருவோர் வர வர, அது வரிசையில் தள்ளிப்போய்க் கடைசியில் மறைந்துவிடும். மறைந்துவிடுகிறதே, அதுதான் எங்களுக்கு நேர்மையாகப் படுகிறது. மணிக்கட்டில் கட்டும் இக்காலக் கடிகாரங்கள் நம் நாடித்துடிப்பை எண்ணிச் சேமித்து வைக்கின்றன. யாருக்காக என்று நம் வீடுகளில் எவரும் கேட்பதில்லை. பெற்றோர் கேட்க வேண்டும்.

இனி, முன்பு சொன்ன காரணம். சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் ஒரு பழைய விளையாட்டுக் கீபோர்டிலிருந்து கம்பிகளை இழுத்து, அலுமினியத் தாள் ஒட்டிய அட்டைகளில் இணைத்தோம். அட்டையை மிதித்தால் சுரம் ஒலிக்கும். குதித்துக் குதித்துப் பாட்டு வாசிக்கலாம். அதை விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டு சென்றோம். "இது விளையாட்டு, மாடியில் கலைக் கண்காட்சிக்குப் போங்கள்" என்றார்கள். மாடியில், "இது மின்சாரம், கீழே போங்கள்" என்றார்கள். படிக்கட்டிலேயே விரித்து வைத்தோம்.

எங்கள் நால்வரில் ஒருத்தி ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவள். ஆண்டு விழா நடனம் என்றால் ஒப்பனைப் பெட்டியைக் காப்பதே அவள் வேலை. அன்று அவள் படியில் அமர்ந்து, இரு உள்ளங்கைகளாலும் ஊன்றுகோலின் நுனியாலும் அட்டைகளைத் தட்டி, நாங்கள் எவரும் வாசிக்காத வேகத்தில் வாசித்தாள். ஆறாம் வகுப்புச் சிறுமிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பரிசு கிடைக்கவில்லை என்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. அவள் வாசித்ததை நடுவர்கள் பார்க்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

ஆகவே மதிப்பிற்குரிய சிஸ்டர்களே, ஆசிரியைகளே, விஞ்ஞானத்திற்கும் கலைக்கும் பொதுவாக ஓர் அறை வேண்டுகிறோம். சிறியதாயினும் போதும், தரைத்தளத்தில் இருந்தால் அவளுக்கு வசதி. "தொடாதீர்கள்" என்ற அட்டை மட்டும் அங்கே வேண்டாம். அந்த நான்கு அட்டைகளும் அவள் வீட்டுப் பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன. மீதி மூன்று சுரங்களுக்குக் கம்பி வாங்கியாயிற்று.