வண்டி நிற்பது வெள்ளகோவிலில்... அபராதம் வருவது கோவையிலிருந்து! உங்களுடையது அல்லாத பார்க்கிங் சலான் வந்தால் என்ன செய்வது?

"நோ பார்க்கிங் இடத்தில் வாகனம் நிறுத்தியதற்கு ரூ.500 அபராதம் நிலுவையில் உள்ளது. உடனே கட்டவும். தவறினால் சட்ட நடவடிக்கை."

திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில் ஒருவருக்கு இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் கோவை கிராஸ்கட் ரோடு என்று இருக்கிறது. அவருடைய வண்டியோ அன்றைக்கு எண்ணெய் மில் வாசலை விட்டு நகரவே இல்லை. இரண்டு ஊருக்கும் இடையே 80 கி.மீ.க்கு மேல் தூரம். "ஏனுங்க, நாம அந்தப் பக்கமே போகலீங்களே?" என்று வீட்டில் பேச்சு ஓடும். கூடவே இன்னொரு குரலும் வரும்: "ஐநூறு ரூபாய்தானுங்க, கட்டிட்டு விடுங்க. ஸ்டேஷன், கோர்ட்டுனு யாரு அலையறது?"

இந்த இரண்டாவது குரலைத்தான் மோசடிக்காரர்கள் நம்பியிருக்கிறார்கள். மெசேஜ் உண்மையாகவே இருந்தாலும் யோசிக்காமல் கட்டுவது நல்லதல்ல. போகாத இடத்துக்கு அபராதம் வருகிறது என்றால் எங்கோ ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது. 500 ரூபாய் கட்டினால் மெசேஜ் நின்றுவிடும், அந்தத் தப்பு அப்படியே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது: மெசேஜா, பொறியா?

2024 ஜூலையில் கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. வியட்நாமைச் சேர்ந்த ஒரு கும்பல், போக்குவரத்து போலீஸ் அனுப்பும் இ-சலான் போலவே வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பி, அதோடு ஒரு ஆப்பையும் இறக்கச் சொல்கிறது. அதை இறக்கியவர்களின் 4,400-க்கும் மேற்பட்ட போன்களில் வைரஸ் புகுந்திருந்தது. ஒரே ஒரு மோசடி ஆளின் கணக்கில் மட்டும் ரூ.16 லட்சத்துக்கு மேல் பரிவர்த்தனை நடந்திருந்தது என்றது அந்த அறிக்கை.

அந்த ஆப் செய்வது இதுதான். கான்டாக்ட், போன் கால், எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். எஸ்எம்எஸ் வந்து சேரும் இடமாகத் தன்னையே மாற்றிக்கொள்ளும். அதன்பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும்.

இதில் இன்னொரு வில்லங்கம், இப்படிச் சிக்கிய போனிலிருந்து அதே ஃபைல் அவருடைய வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் போகும். அதனால் 'தெரிந்த நம்பர்தானே, நம்ம மாமா அனுப்பியதுதானே' என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் இதே வித்தை நடக்கிறது.

எனவே ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருந்தால் அதைத் தொடவே கூடாது. அபராதம் கட்ட எந்த ஆப்பையும் வாட்ஸ்அப் வழியாக இறக்க வேண்டிய அவசியம் இல்லை.

எஸ்எம்எஸ் என்றால் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். டிராய் 2025-ல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, அரசு அனுப்பும் மெசேஜ்களில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு சின்னக் கோடும் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். பத்து இலக்க சாதாரண மொபைல் நம்பரிலிருந்து 'அரசு' பேசினால் சந்தேகப்படலாம்.

இவ்வளவு பார்த்த பிறகும் மெசேஜில் உள்ள லிங்க்கை அழுத்தாதீர்கள். பிரவுசரைத் திறந்து நீங்களே முகவரியை டைப் செய்து 'பரிவாஹன்' இணையதளத்தின் இ-சலான் பக்கத்துக்குப் போங்கள். முகவரியின் முடிவு 'கவ் டாட் இன்' என்றுதான் இருக்க வேண்டும். வண்டி நம்பரோடு சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கங்களைக் கொடுத்தால், அந்த வண்டியின் பெயரில் சலான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. அங்கே சலான் எதுவும் இல்லை என்றால் மெசேஜை டெலிட் செய்துவிடலாம்.

'வசூல் ஏஜென்ட்' வீட்டுக்கு வருவாரா?

சில மெசேஜ்களும் கால்களும் கடன் வசூல் பாணியில் வருகின்றன. 'உங்கள் கேஸ் லீகல் டிபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டது, சிபில் ஸ்கோர் போய்விடும், இன்று மாலைக்குள் கட்டினால் பாதித் தொகை' என்கிற ரகம். கடன் ஆப் தொல்லையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும்.

போக்குவரத்து அபராதம் கடன் அல்ல. அதற்கும் சிபில் ஸ்கோருக்கும் சம்பந்தம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதை விதிப்பது போலீஸ் அல்லது போக்குவரத்துத் துறை. கட்டவில்லை என்றால் அடுத்து அது போகும் இடம் நீதிமன்றம். தனியார் வசூல் ஏஜென்ட் நடுவில் எங்கேயும் வருவதில்லை.

போன் வந்தாலே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை போக்குவரத்து போலீஸ் நிலுவை அபராதங்களை நினைவூட்ட கால் சென்டர்களே நடத்தியிருக்கிறது. ஆனால் சலான் நம்பரைக் கேட்டு வாங்கி, போனை வைத்துவிட்டு, நீங்களே இணையதளத்தில் பார்ப்பதை எந்த உண்மையான போலீஸும் தடுக்கமாட்டார். ஓடிபி கேட்பவர், ஜிபே நம்பர் தருபவர், 'லைனை கட் பண்ணாதீங்க' என்பவர் என இந்த மூன்று பேரும் போலீஸ் இல்லை.

பிள்ளைகள் லண்டன் பக்கம் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் கதை வேறு. அங்கே தனியார் பார்க்கிங் நிறுவனங்கள், அரசின் வாகனப் பதிவு அமைப்பிடம் கட்டணம் செலுத்தி உரிமையாளர் முகவரியை வாங்கி நோட்டீஸ் அனுப்ப முடியும். 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நேரம் தாண்டி காரை நிறுத்தியவரிடம் 85 பவுண்ட் கேட்டது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதனால் அங்கே வரும் நோட்டீஸைக் கிழித்துப் போட முடியாது, உரிய காலத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆனால் அங்கேயும் கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வெறும் கடிதம்தான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர்கள் வீட்டுப் பொருளை எடுக்க முடியாது.

சலான் உண்மை, ஆனால் வண்டி நம்பர் உங்களுடையதே இல்லை!

இது நிறைய பேருக்கு வரும் குழப்பம். மெசேஜ் நிஜமாகவே அரசிடமிருந்து வந்ததுதான். ஆனால் அதில் இருக்கும் வண்டியை நீங்கள் பார்த்ததே இல்லை.

காரணம் பெரும்பாலும் போன் நம்பர். பயன்படுத்தாமல் விட்ட மொபைல் நம்பரை, இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் சிம்மின் பழைய சொந்தக்காரர் அதே நம்பரை வாகனப் பதிவில் கொடுத்திருந்தால், அவருடைய அபராதமெல்லாம் உங்கள் போனில் வந்து விழும். வண்டி வாங்கியபோது ஷோரூமிலோ புரோக்கரிடமோ நம்பரைத் தப்பாகக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

இந்த அபராதத்தைக் கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சட்டம் பார்ப்பது வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையே, மெசேஜ் யார் போனுக்குப் போனது என்பதை அல்ல. இ-சலான் தளத்திலேயே புகார் கொடுக்கும் பகுதி இருக்கிறது. 'இந்த வாகனம் என்னுடையது அல்ல, என் மொபைல் நம்பர் தவறாக இணைந்துள்ளது' என்று சலான் நம்பரோடு எழுதி, அந்தப் பதிவைச் சேமித்து வைத்தால் போதும்.

அப்படியே இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். உங்கள் வண்டியின் பதிவில் எந்த மொபைல் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய நம்பர் இருந்தால், உங்களுக்கு வரவேண்டிய சலான் இப்போது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கலாம்.

நம்பர் உங்களுடையது, வண்டி உங்களுடையது அல்ல!

கொங்கு வட்டாரத்தில் இந்தத் தப்பு நடக்க ஒரு தனி வாய்ப்பே இருக்கிறது. டிஎன் 33 என்றால் ஈரோடு. டிஎன் 38 என்றால் கோவை வடக்கு. டிஎன் 39 என்றால் திருப்பூர் வடக்கு. மண் அப்பிய நம்பர் பிளேட்டில் 3, 8, 9 மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேமரா தப்பாகப் படிக்கலாம், கையில் கருவி வைத்திருக்கும் காவலர் தப்பாக டைப் செய்யலாம். கோவைக்காரர் நிறுத்திய காருக்கு ஈரோட்டுக்காரர் பைக் மாட்டுவது இப்படித்தான்.

இதில் போட்டோதான் உங்கள் ஆயுதம். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. கேமரா மூலம் போடப்படும் அபராத நோட்டீஸில் விதிமீறலையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. சம்பவம் நடந்து 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலான் முடியும்வரை அந்தப் பதிவையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இ-சலான் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி, மாடல், நிறம் வேறாக இருந்தால் வேலை சுலபம். படத்தையும் உங்கள் ஆர்.சி.யையும் வண்டியின் போட்டோவையும் இணைத்துப் புகார் கொடுக்கலாம். அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது என்பதற்கு ஃபாஸ்டேக் பதிவு, கடை சிசிடிவி என்று எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் பலர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். கோவை மாநகர போலீஸ் போட்ட சலானை வெள்ளகோவில் ஸ்டேஷனில் ரத்து செய்ய முடியாது. திருப்பூர் மாநகர போலீஸும் வேறு, வெள்ளகோவில் வரும் திருப்பூர் மாவட்ட போலீஸும் வேறு. சலானிலேயே எந்தப் பிரிவு போட்டது என்று இருக்கும், மனு அங்கேதான் போக வேண்டும்.

ஆனால் படத்தில் இருப்பது உங்கள் வண்டி மாதிரியே, உங்கள் நம்பரோடு இருக்கும் வேறொரு வண்டி என்றால் விஷயம் பெரிது. யாரோ உங்கள் நம்பரைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுகிறார் என்று அர்த்தம். அப்போது உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கட்டாயம் வாங்குங்கள். நாளைக்கு அந்த வண்டி ஒரு திருட்டிலோ விபத்திலோ சிக்கினால் முதலில் தேடப்படுவது உங்கள் முகவரிதான்.

விற்ற வண்டி திரும்பி வரும்போது

உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மூன்று வருடம் முன்பு புரோக்கரிடம் தள்ளிவிட்ட பழைய டிவிஎஸ், 'ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்று வாங்கிப் போன வண்டி. அது இன்று கோவையில் எங்கேயோ நோ பார்க்கிங்கில் நிற்கிறது. பெயர் இன்னும் மாறவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 29, 30 என்ற இரண்டு ஃபார்ம்கள் இதற்குத்தான். நடைமுறையில் இரண்டும் கையெழுத்தோடு புரோக்கர் பீரோவில் தூங்கும்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், ஒரு கார் அடுத்தடுத்து பல கை மாறியிருந்தது. கடைசியாக வைத்திருந்தவரின் காலத்தில் விபத்து நடந்தது, ஒரு சிறுவன் இறந்தான். யார் இழப்பீடு தருவது என்ற கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதுதான். வண்டியைக் கொடுத்துப் பல காலம் ஆகியிருந்தும் அந்தப் பொறுப்பு அவரை விடவில்லை.

அதனால் விற்ற வண்டிக்கு 500 ரூபாய் சலான் வந்தால், அது உங்களுக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கை. எரிச்சலில் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். வாங்கியவரைப் பிடித்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால், விற்ற ரசீது, டெலிவரி நோட், பணம் வந்த வங்கிப் பதிவு இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள்.

கட்டாமல் விட்டால்?

உங்கள் வண்டியின் பெயரில் உண்மையாகவே ஏறியிருக்கும் சலானை, 'நான் செய்யலை' என்று சும்மா விட்டுவிடவும் கூடாது. நிலுவை இருந்தால் பெயர் மாற்றம், எஃப்.சி. போன்ற ஆர்.டி.ஓ. வேலைகள் சிக்கும். லோடு வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

கட்டிவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது, பிறகு 'நான் இல்லை' என்று வாதாட இடமில்லை. 177-வது பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை, மறுபடியும் என்றால் 1,500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்யாத தப்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்தது 'இரண்டாவது முறை' ஆகிவிடும்.

புகாருக்குப் பதில் வராமல் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அந்தத் தளத்தில் அபராதம் கட்டுவதோடு 'வழக்கை எதிர்கொள்கிறேன்' என்ற வாய்ப்பும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அலைச்சல் இருக்கும், மறுக்க முடியாது. போட்டோவில் வண்டி வேறு என்று பளிச்சென்று தெரிந்தால் மட்டும் இந்த வழி சுலபம்.

லிங்க்கை ஏற்கெனவே அழுத்திவிட்டால்?

போனின் இன்டர்நெட்டை உடனே அணையுங்கள். வேறொரு போனிலிருந்து முதலில் 1930, அடுத்து வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கியிடம் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். எனவே எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது முக்கியம், புகார் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு அந்த ஆப்பை நீக்கி, எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த ஆப் இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். உங்கள் நம்பரிலிருந்து யாருக்காவது அந்த ஃபைல் போயிருந்தால் குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால், அடுத்து அதைத் திறப்பது உங்கள் சித்தப்பாவாக இருக்கலாம்.