பனங்காய்ப் பணியாரம்

ஆவணி மாதமென்றால் முல்லைத்தீவுப் பக்கம் பனம்பழம் விழும் காலம். நீராவிப்பிட்டியில் எங்கள் உம்மம்மா விடியப்புறமே எழும்பிப் பழம் பொறுக்கி வருவா. அன்று பின்னேரம் வீட்டில் பணியாரம்தான்.

தேவையானவை: பனங்களி 2 கோப்பை, சீனி 1 கோப்பை, கோதுமை மா சுமார் 1½ கோப்பை, உப்பு சிறிது, பொரிக்கத் தேங்காய் எண்ணெய்.

செய்முறை: நன்கு பழுத்த பழத்தைக் கழுவித் தோலுரித்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து களியெடுங்கள். தும்பு போகத் துணியில் வடியுங்கள். களியுடன் சீனி, உப்புச் சேர்த்து, பச்சை வாசம் போய்த் தடிக்கும்வரை கிளறிக் காய்ச்சுங்கள். இதில் அவசரப்பட்டால் பணியாரம் கைக்கும். நன்கு ஆறியபின் மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழையுங்கள். சிறு உருண்டைகளாக எண்ணெயில் விட்டு, மெல்லிய நெருப்பில் சிவக்கப் பொரித்தெடுங்கள். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.

கொட்டைகளை எறியாதீர்கள். மண்ணில் புதைத்தால் தை, மாசியில் பனங்கிழங்கு கிண்டலாம்.

உம்மம்மாவுக்குக் கோப்பைக் கணக்குத் தெரியாது, எல்லாம் கையளவுதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, புத்தளத்துக்கு அவ கொண்டுவந்ததும் அந்தக் கையளவைத்தான். அங்கும் பனை இருந்தது. அவ பிசையப் பிசைய, நான் பக்கத்திலிருந்து கோப்பையால் அளந்து எழுதியதே மேலே உள்ள கணக்கு. ஊரைக் காணாமல் புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகள், முதலில் அறிந்த ஊர் ருசி இதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையளவையும் இன்றே அளந்து எழுதி வையுங்கள்.