‘அப்படிச் செய்திருந்தால்...’



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கடும் மழைக்குப் பின், பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. பாடசாலை சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர்.

இத்தகைய இழப்புக்குப் பின் எஞ்சியவர்களின் உள்ளத்தை ஒரு கேள்வி அரிக்கும்: “அன்று நான் அப்படிச் செய்திருந்தால்?” மலையைச் சரித்தது அவர்களல்லர், ஆயினும் பழியைத் தம் தலையிலேயே சுமப்பார்கள்.

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? கரு கலைந்தாலும், பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் தவறினாலும், தாய் தன்னையே குற்றவாளியாக்கி உண்ணாமல் உறங்காமல் வாடுகிறாள்.

பயன் தருவதில் முயற்சி செய்யவும் அல்லாஹ்விடம் உதவி தேடவும் ஏவிய நபி (ஸல்) அவர்கள், துன்பம் நேர்ந்தபின் “அப்படிச் செய்திருந்தால்” என்று சொல்வதைத் தடுத்தார்கள். அது ஷைத்தானுக்கு வழி திறந்துவிடும் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது.

சகோதரியே! தவறு உண்மையில் உங்களுடையதா? தவ்பாச் செய்து, திருத்திக்கொண்டு, அத்துடன் விடுங்கள். உங்களுடையதல்லவா? அடுத்த வீட்டுப் பெண் இதே துயரத்தோடு வந்தால், “உன்மேல் என்ன பிழை? கொஞ்சம் சாப்பிட்டுப் படு” என்பீர்கள். அதே சொல்லை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாரக்கணக்கில் துயரம் நீங்காவிட்டால் வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். நோய்க்கு மருந்து தேடுவது ஈமானுக்குக் குறைவன்று.

எவரையும் அவரது சக்திக்கு மேல் அல்லாஹ் சோதிப்பதில்லை. அவன் சுமத்தாத பழியை நீங்களே உங்கள்மீது சுமத்தாதீர்கள்.