செயல்திறனில் அசத்தும் பெரோவ்ஸ்கைட் சோலார் செல்... ஆனா 25 வருஷம் தாங்குமா?

மாடியில் சோலார் பேனல் போட விலை விசாரித்தால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது '25 வருஷ வாரண்டி' என்பதுதான். அந்த எண்தான் அடுத்த தலைமுறை சோலார் எனப் பேசப்படும் பெரோவ்ஸ்கைட்டுக்கு இப்போது பெரிய சவால்.

பெரோவ்ஸ்கைட் என்றால் என்ன?

1839-ல் ரஷ்யாவின் உரால் மலைப்பகுதியில் கண்டறியப்பட்ட கனிமத்தின் பெயர் இது. அதே படிக அமைப்பில் ஆய்வகத்தில் உருவாக்கும் பொருட்களுக்கும் இதே பெயர்தான். சிலிக்கானை 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டை கரைசலாக்கி, கண்ணாடி மேல் மை மாதிரி பூசி, மிதமாகச் சூடாக்கினாலே போதும். செலவு குறையும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

எவ்வளவு வேகமாக முன்னேறியது?

2009-ல் ஜப்பானின் சுட்டோமு மியாசகா குழு உருவாக்கிய செல், சூரிய ஒளியில் 3.8 சதவிகிதத்தை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகத்தில் அது 26 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் 'டேண்டம்' செல்லில், சீனாவின் லோங்கி நிறுவனம் 2025-ல் 34.85 சதவிகிதத்தை எட்டியது. சிலிக்கான் தனியாக எட்டக்கூடிய உச்சவரம்பே சுமார் 29.4 சதவிகிதம்தான்.

அப்போ சிக்கல் எங்கே?

ஆயுளில்தான். ஈரப்பதம், வெப்பம், புற ஊதாக் கதிர் பட்டால் இந்தப் படிகம் சிதையத் தொடங்கும். படிகத்தில் உள்ள நுண்ணிய குறைகள் வழியாக அயனிகளும் இடம் மாறும். அதே குறைகள்தான் மின்சாரத்தையும் விழுங்குகின்றன. அதனால், அவற்றை வேதிப்பூச்சால் அடைத்தால் செயல்திறன், ஆயுள் இரண்டும் ஒருசேரக் கூடும். சீசியம் சேர்ப்பதும், காற்றுப் புகாமல் சீல் வைப்பதும் மற்ற வழிகள்.

சோதனையில் பாஸ் ஆனால் போதுமா?

போதாது. 85 டிகிரி வெப்பம், 85 சதவிகித ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் என்பது பேனல்களுக்கான முக்கிய சோதனைகளில் ஒன்று. கணக்குப் பார்த்தால் 42 நாள்கூட இல்லை. மொட்டை வெயிலிலும் மழையிலும் கால் நூற்றாண்டு என்பது வேறு கதை. ஈயம் கலந்திருப்பதால், பேனல் உடைந்தால் அது கசியாமல் தடுக்கவும் வேண்டும்.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் டேண்டம் பேனல்களை அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பி, வணிக விற்பனையைத் தொடங்கியது. செயல்திறன் 24.5 சதவிகிதம். ஆய்வகச் சாதனைக்கும் பேனலுக்கும் உள்ள இடைவெளி இதிலேயே தெரிகிறது.

பாதி விலைக்கு வாங்கிய பேனல் பத்தே வருஷத்தில் படுத்துவிட்டால், அது மலிவே இல்லை. எனவே, அடுத்த சாதனைச் செய்தி வரும்போது சதவிகிதத்தோடு 'எத்தனை வருஷம்?' என்பதையும் கேட்க வேண்டும்.